1843: இந்துக் கல்லூரி மண்டபத்தில் ஒரு கட்டுரை வாசிப்பு

மாணவர் தாமே ஆய்ந்து எழுதியதை அவைமுன் வாசிக்கும் வழக்கம் ஜெர்மனியிலிருந்து பெறப்பட்டது என்றே பலரும் கருதுவர். ராங்கேயின் பெர்லின் வகுப்பே முதலில் நினைவுக்கு வரும். ஆயின் கல்கத்தாவில் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு (1857) ஏறத்தாழ இருபதாண்டுகள் முன்னரே, இந்துக் கல்லூரியில் டெரோசியோவிடம் பயின்றோர் அத்தகைய அவையொன்றைத் தமக்கெனக் கூட்டியிருந்தனர். 1838இல் தோன்றிய பொது அறிவு ஈட்டும் சங்கம் அது. தலைவர் தாராசந்த் சக்கரவர்த்தி. செயலாளர்கள் ராம்தனு லாஹிரி, பியாரி சந்த் மித்ரா.

அங்கு வாசிக்கப்பட்டவை வெறும் சொற்பயிற்சி அல்ல. கிருஷ்ண மோகன் பானர்ஜி வரலாற்றுக் கல்வியின் தன்மையையும் இன்றியமையாமையையும் பற்றிப் பேசினார். மகேஷ் சந்திர தேப் இந்துப் பெண்களின் நிலையை ஆராய்ந்தார். சிட்டகாங், பாங்குரா ஆகிய மாவட்டங்களைப் பற்றிய விவரணக் கட்டுரைகளும் இருந்தன. புள்ளிவிவரம் திரட்டுதல் அரசு அலுவலரின் தனியுரிமை எனக் கருதப்பட்ட காலத்தில் இதுவே ஒரு துணிவு எனலாம். தேர்ந்தெடுத்த உரைகள் 1840 முதல் 1843 வரை மூன்று தொகுதிகளாக அச்சேறின.

1843 பிப்ரவரி 8 அன்று தட்சிணாரஞ்சன் முகோபாத்யாய் எடுத்துக்கொண்ட பொருள், வங்காளத்தில் கம்பெனியின் குற்றவியல் நீதிமன்றங்களும் காவல்துறையும். கேட்டுக்கொண்டிருந்த கல்லூரி முதல்வர் டி. எல். ரிச்சர்ட்சன் இடைமறித்தார். கல்லூரியை அரசத் துரோகத்தின் குகையாக மாற்ற அனுமதிக்க இயலாது என்பது அவர் கூற்றின் சாரம். இலக்கிய ஆசிரியராக மாணவர் பெரிதும் போற்றிய ரிச்சர்ட்சனே இவ்வாறு பேசியது வியப்பளிக்கிறது. ஷேக்ஸ்பியரைப் பற்றி மாணவர் பேசுகையில் எழாத ஐயம், காவல் நிலையத்தைப் பற்றிப் பேசியவுடன் எழுந்தது.

தாராசந்தின் மறுமொழியே இங்கு முதன்மையானது. கட்டுரையின் கருத்துகளுக்கு அவர் வழக்காடவில்லை. அவையின் முறைமையைப் பற்றியே பேசினார். மண்டபம் கல்லூரிக் குழுவிடமிருந்து பெறப்பட்டது, முதல்வரிடமிருந்து அன்று, வந்திருப்பவர் விருந்தினர், உறுப்பினரை இடைமறிக்க அவருக்கு உரிமையில்லை. சொன்னதைத் திரும்பப் பெறாவிடில் குழுவிடமும், வேண்டின் அரசிடமும் முறையிடப்படும் என்றார்.

சங்கத்தின் கூட்டங்கள் பின்னர் வேறிடத்துக்கு மாறின. அடுத்த மாதமே ‘பெங்கால் ஹர்காரு’ இதழ் அக்கட்டுரையை வெளியிட்டது. மண்டபத்தில் சிலரே கேட்டதை நகரமே படித்தது.