நிரல் வரிகளைத் தொகுதிக்குள் அடைக்கும் மேக்ரோ: ஒரு வரலாறு

எழுதிய நிரல் வரிகளைத் தேர்ந்தெடுத்து ஓர் 'இஃப்' நிபந்தனைக்குள்ளோ 'டிரை' தொகுதிக்குள்ளோ அடைப்பது நிரலாளர்கள் நாள்தோறும் செய்யும் வேலை. மேலே தொடக்க அடைப்புக்குறி, கீழே முடிவுக்குறி, இடையிலுள்ள வரிகளுக்கெல்லாம் ஒரு படி உள்தள்ளல் என மூன்று திருத்தங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். இவற்றை ஒரே கட்டளையில் முடிக்கும் வழி, எடிட்டர் மேக்ரோக்களின் வழியாகவே உருவானது.

1962-63இல் எம்ஐடியில் டான் மர்ஃபி, பிடிபி-1 கணினிக்காக டெகோ என்னும் எடிட்டரை எழுதினார். காகித நாடாவில் இருந்த உரையைத் திருத்துவதே அதன் முதல் நோக்கம். பெரும்பாலும் ஒற்றை எழுத்துகளான அதன் கட்டளைகளைக் கோத்துச் சேமித்து, வேண்டும்போது மேக்ரோவாக இயக்கும் வசதியும் பின்னர் வந்தது. எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஆளுக்கொரு மேக்ரோத் தொகுப்பு பெருகியதால், ஒருவரது எடிட்டரை மற்றவர் கையாள முடியாத நிலை ஏற்பட்டது. அவற்றை ஒன்றாக்கும் பணியை கை ஸ்டீல் தொடங்கினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை முன்னெடுத்ததில் 1976இல் ஈமாக்ஸ் பிறந்தது.

1978இல் பெர்னார்ட் கிரீன்பர்க் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கான ஈமாக்ஸை லிஸ்ப் மொழியில் எழுதினார். 1985இல் வெளியான குனு ஈமாக்ஸும் லிஸ்ப்பையே விரிவாக்க மொழியாகக் கொண்டது. தேர்ந்தெடுத்த பகுதியின் தொடக்கமும் முடிவும் அதில் இரண்டு எண்களாகக் கட்டளைக்கு வந்து சேரும். அடைக்கும் கட்டளையை எழுதுபவர் முடிவுக்குறியை முதலில் இடுவது வழக்கம். தொடக்கத்தில் முதலில் எழுத்துகளைச் சேர்த்தால், முடிவிடத்தைக் காட்டும் எண் பொருந்தாமல் போய்விடும்.

பெர்க்லியில் பில் ஜாய் 1976இல் தொடங்கிய விஐ எடிட்டரின் வழி வேறு. அதன் வாரிசாக பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம் எடிட்டரில், விசையழுத்தங்களை மேக்ரோவாகப் பதிவு செய்யும் வசதி உண்டு. 'க்யூ' விசையை அழுத்தி, ஓர் எழுத்தைப் பெயராகக் கொடுத்தால் பதிவு தொடங்கும். மீண்டும் 'க்யூ' அழுத்தினால் முடியும். முன்னால் ஓர் எண்ணைத் தட்டி அழைத்தால், அத்தனை முறை அது இயங்கும்.

2000களில் வரிகளை அடைக்கும் வேலை எடிட்டர்களுக்குள்ளேயே இடம்பிடித்தது. இன்டெல்லிஜே ஐடியா நிரலின் இலக்கண அமைப்பை அறிந்து அடைத்தது. 2004இல் வந்த டெக்ஸ்ட்மேட், தேர்ந்தெடுத்த உரையை ஒரு மாறியாக வார்ப்புருவுக்குள் பொருத்தியது. விஷுவல் ஸ்டுடியோ 2005 இதற்கான வார்ப்புருக்களைத் துணுக்குக் கோப்புகளாகத் தந்தது. டெக்ஸ்ட்மேட் அந்த மாறிக்கு இட்ட பெயரை, 2015இல் வந்த விஷுவல் ஸ்டுடியோ கோட் இன்றும் பயன்படுத்துகிறது.

விஷுவல் ஸ்டுடியோ 2012 பதிப்பில் மேக்ரோ வசதி நீக்கப்பட்டது, துணுக்குகள் தொடர்ந்தன. பதிவு செய்த மேக்ரோவுக்கு விசைகளின் வரிசை மட்டுமே தெரியும். துணுக்குக்கு எந்த உரை தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது தெரியும். இலக்கணம் அறிந்த கருவிக்கோ தொகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் தெரியும். ஆனாலும் எந்த வார்ப்புருவிலும் இல்லாத ஒரு திருத்தத்தை நூறு இடங்களில் செய்ய நேரும்போது, நிரலாளர்கள் பதிவு மேக்ரோவையே நாடுகிறார்கள்.