கை படும் உயரம்

ஊரில் வீடு கட்டும்போது டைல்ஸ் கடைக்காரர் கேட்பார்: "டேடோ எத்தனை அடி சார்?" சமையலறையிலும் பாத்ரூமிலும் சுவரின் கீழ்ப்பகுதியில் பதிக்கிற கல்லுக்கு டேடோ டைல்ஸ் என்று பெயர். அரசுப் பள்ளிச் சுவரில் இடுப்பளவுக்கு அடர்த்தியான ஆயில் பெயிண்ட், அதற்கு மேலே வெள்ளை அடித்திருக்கும். அதுவும் டேடோதான். இத்தாலிய மொழியில் இந்தச் சொல்லுக்குப் பகடை என்று பொருள். தூணின் பீடத்தில் உள்ள பகடை போன்ற சதுரக் கட்டையைக் குறித்த சொல், பிறகு பீடத்தின் உயரத்துக்குச் சுவர் நெடுக ஓடுகிற பகுதிக்கும் ஆகிவந்தது. ஆங்கிலேயரின் கட்டடப் பழக்கத்தோடு நம்மூர் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இந்த மூன்றடியை உலகத்திலேயே ரொம்பத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் ஈஸ்ட் ஹாமில் இருப்பது அந்தக் காலத்தின் கடைசியில், 1890களில், வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்ததும் ஒடுக்கமான நடை, நம்மூர் ரேழி மாதிரி. அங்கிருந்தே மாடிப்படி ஏறுகிறது. எதிரெதிரே வரும் இரண்டு பேரில் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றால்தான் மற்றவர் போக முடியும். இந்தச் சுவருக்கு எந்த வால்பேப்பர் தாங்கும் என்று தேடப்போய்த்தான் பழைய கதைகளுக்குள் விழுந்தேன்.

பிரிட்டனில் 1712இல் வால்பேப்பருக்கு வரி போட்டார்கள். வரி கட்டியதற்கு அடையாளமாகத் தாளின் மீது முத்திரை விழும். அந்த முத்திரையைப் போலியாகப் போட்டால் மரண தண்டனை என்று 1806இல் சட்டமே வந்தது. சுவரில் ஒட்டுகிற காகிதத்துக்குத் தூக்குக்கயிறு! 1836இல் வரி ஒழிந்தது. 1839இல் லங்காஷயரின் டார்வென் ஊரில் உருளை இயந்திரத்தில் அச்சடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1834இல் ஏறக்குறைய 12 லட்சம் சுருளாக இருந்த உற்பத்தி, 1874இல் 3 கோடியே 20 லட்சம் ஆனது. பணக்காரர் வீட்டுச் சரக்கு தொழிலாளி வீட்டுக்கும் வந்துவிட்டது.

வந்தது சரி, நடையில் நிற்கவில்லை. மலிவான தாளில் நிறத்தைப் பிடித்துவைத்தது வெறும் பசை. ஈரத்துணி பட்டால் நிறமும் துணியோடு வந்துவிடும். நடையிலோ ஈரக் குடை, குழந்தை வண்டி, கேஸ் விளக்கின் புகை. எல்லாவற்றுக்கும் மேலே, படுக்கையறைக் கணப்புகளுக்காகப் படியேறும் கரிவாளி. முதலில் கண்ட வழி, பளிங்குக்கல் அடுக்கிய மாதிரி அச்சடித்த தாளை ஒட்டி அதன்மேல் வார்னிஷ் பூசுவது. துடைக்க முடிந்தது. ஆனால் வார்னிஷ் வருஷத்துக்கு வருஷம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும். பொய்ப்பளிங்கு என்று ரசனைக்காரர்கள் திட்டவும் செய்தார்கள்.

அப்போது வருகிறார் ஃப்ரெடரிக் வால்டன். திறந்து கிடந்த பெயிண்ட் டப்பாவில், பாலில் ஏடு படிகிற மாதிரி எண்ணெய் இறுகித் தோலாகிக் கிடந்ததைப் பார்த்து, இதையே பொருளாக்கினால் என்ன என்று யோசித்தவர். அது ஆளி விதை எண்ணெய். காற்றுப் பட்டு இறுகும் அந்த எண்ணெயிலிருந்து 1860களில் தரைக்கு லினோலியம் செய்தார். 1877இல் அதையே சுவருக்குக் கொண்டுவந்தார். முதலில் வைத்த பெயர் லினோலியம் முராலிஸ். பிறகு லின்க்ரஸ்டா வால்டன் ஆனது. இறுக்கிய எண்ணெயோடு பிசினும் மெழுகும் மரத்தூளும் சேர்த்துப் பிசைந்து, பூவேலை செதுக்கிய உருளைக்குக் கீழே விட்டு அழுத்துவார்கள். பழைய ஸ்பானிய முத்திரைத் தோல் மாதிரி, செதுக்கிய மரம் மாதிரி எப்படி வேண்டுமானாலும் வரும். சாயல் மட்டும்தான் தோலுடையது. பின்பக்கம் பள்ளமே இல்லாத கெட்டித் தகடு, ஆகவே வாளி இடித்தால் வாளிதான் நசுங்கும்.

அந்த எண்ணெய்க்கான விதையில் கணிசமான பங்கு இந்தியாவிலிருந்து போனது. லண்டன் சந்தையில் 'கல்கத்தா விதை' என்று அதற்குத் தனி விலை சொல்வார்கள். ஆங்கிலேயச் சுவரின் கவசத்துக்குள் நம் வடக்கத்தி விவசாயியின் ஆளி வயலும் இருக்கிறது.

கொஞ்ச காலத்திலேயே போட்டி உள்ளேயிருந்து வந்தது. லின்க்ரஸ்டாவின் லண்டன் விற்பனையகத்தை நிர்வகித்த தாமஸ் பாமர், பருத்திக்கூழும் காகிதக்கூழும் வைத்து எடை குறைந்த, விலை குறைந்த ஒன்றைச் செய்தார். 1887 வாக்கில் வந்த அதன் பெயர் அனாக்ளிப்டா. அதன் புடைப்புக்குப் பின்னால் வெற்றிடம். பையன் முழங்கை பட்டால் குழி விழும். அதனால் புத்திசாலிகள் இரண்டையும் வாங்கினார்கள்: மரச்சட்டத்துக்குக் கீழே லின்க்ரஸ்டா, மேலேயும் கூரையிலும் அனாக்ளிப்டா.

பெரிய மாளிகைகளில் வேலைக்காரர்களுக்குப் பின்பக்கம் தனி மாடிப்படி உண்டு. அங்கே அலங்காரம் கிடையாது, வெறும் பெயிண்ட். கரியும் அழுக்குத் தண்ணீரும் அந்த வழியாகவே போய்விடும். எங்கள் தெரு மாதிரி வீட்டில் ஒரே படிதான். விருந்தாளி ஏறுகிற படியிலேயே, வைத்துக்கொள்ள வசதி இருந்தால், அந்த ஒற்றை வேலைக்காரப் பெண்ணும் வாளியோடு ஏற வேண்டும். கவசம் அதிகம் தேவைப்பட்டது மாளிகைக்கு இல்லை, மாளிகை மாதிரி தெரிய ஆசைப்பட்ட சின்ன வீட்டுக்கு.

'கழுவலாம்' என்பதுதான் அந்தக் காலத்து வால்பேப்பர் விளம்பரங்களின் பெரிய வாக்குறுதி. யார் கழுவுவது? 1891 கணக்கெடுப்பின்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டுவேலையில் இருந்தார்கள். புடைப்பு வேலை செய்த சுவரில் ஒவ்வொரு இலைக்கும் பின்னால் கரித்தூசி தங்கும். அதைப் பிரஷ்ஷால் தட்டி, பிறகு துடைக்க வேண்டும். நான் பார்த்தவரைக்கும் வால்பேப்பர் வரலாற்று நூல்களில் வடிவமைப்பாளர்களுக்குத்தான் இடம். துடைத்தவள் போகிறபோக்கில் ஒரு வரியில் வந்துபோகிறாள்.

உலகப் போர்களுக்குப் பிறகு அவள் தொழிற்சாலைக்கும் ஆபீசுக்கும் போய்விட்டாள். புடைப்புகளை அதன்பிறகு யாரும் துடைக்கவில்லை, மேலே பெயிண்ட் அடித்தார்கள். அனாக்ளிப்டா பிழைத்துக்கொண்டது இதனால்தான் என்று நினைக்கிறேன். மலிவு, மேலே எத்தனை கோட் வேண்டுமானாலும் அடிக்கலாம். மரத்துணுக்குகள் ஒட்டிய உட்சிப் தாளும் அப்படித்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. ஹ்யூகோ எர்ஃபுர்ட் என்ற ஜெர்மானியர் 1864இல் கடை ஜன்னல் அலங்காரத்துக்காகச் செய்தது அது! பின்னாளில் சுவர் விரிசலை மறைக்கிற மருந்தாகிவிட்டது. அதை உரித்துப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், கெட்ட வார்த்தையில்தான் பதில் வரும்.

எங்கள் படியில் மேலே உட்சிப், கீழே லின்க்ரஸ்டா. மேலே இருப்பதை உரிப்பது என்று முடிவாகிவிட்டது. கீழே இருப்பதையும் எடுத்துவிடலாம் என்று சொன்ன பெயிண்டருக்கு நான் சம்மதிக்கவில்லை. நூறு வருஷத்தில் அது கல்லாக இறுகியிருக்கிறது, பெயர்த்தால் சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து விழும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் தூள் மூச்சில் போகும். வீட்டில் குழந்தை இருக்கிறது. கழுவிக் காயவைத்து, மேலே புது கோட் போதும்.

மேல்பாதிக்கு வினைல் தாள். இங்கே வால்பேப்பர் சுருளின் லேபிளில் அலை அலையாகக் குறி போட்டிருப்பார்கள். ஒற்றை அலை என்றால் ஈரப் பஞ்சால் ஒற்றலாம். இரண்டு என்றால் கழுவலாம், மூன்று என்றால் நன்றாகவே கழுவலாம். அலையோடு பிரஷ் படமும் இருந்தால் தேய்க்கலாம். நான் எடுத்தது மூன்று அலை, சின்னப் பூ. பெரிய டிசைன் என்றால் படியின் சரிவில் பூவோடு பூவைப் பொருத்துவதற்குள் பாதிச் சுருள் வீணாகும். 10 மீட்டர் சுருளில் எங்கள் படிக்கட்டின் உயரமான இடத்துக்கு இரண்டு துண்டுதான் வருகிறது. எட்டுச் சுருள் வாங்கியிருக்கிறோம். சனிக்கிழமை காலையில் நானும் என் மனைவியும் உரிக்க ஆரம்பிக்கிறோம். துடைக்கிற முறை அட்டவணை இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.