ஜமாஅத் ஆவணங்கள் கிளவுடில் இருந்தால் போதுமா? மூன்று வகைச் சேவைகளை அறிவோம்

2025 ஜூன் 6 அன்று மத்திய அரசு 'உமீத்' இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃபு சொத்துகளின் விவரங்களை ஆறு மாதத்திற்குள் பதிவேற்றச் சொன்னது. ஊர் ஊராக முத்தவல்லிகள் பழைய பத்திரங்களைத் தேடியெடுத்து ஸ்கேன் செய்தார்கள். அந்த ஸ்கேன்கள் இப்போது எங்கே? பெரும்பாலும் நிர்வாகத்தில் யாரோ ஒரு தம்பியின் கூகுள் டிரைவில். "கிளவுடில் போட்டாச்சு" என்று நாமும் நிம்மதியாகி விடுகிறோம்.

கிளவுட் என்பது வானத்தில் இல்லை. வேறொருவரின் கட்டடத்தில் ஓடும் கம்ப்யூட்டர்களை இணையம் வழியே வாடகைக்குப் பயன்படுத்துவதுதான் அது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2011-ல் இதை மூன்று வகையாகப் பிரித்தது.

செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை வைத்தே சொல்லலாம். வெறும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால் உழவும் விதையும் காவலும் நம் பாடு. இது உள்கட்டமைப்புச் சேவை. அமேசான் 2006-ல் தொடங்கிய இசி2 இப்படிப்பட்டது: கம்ப்யூட்டர் அவர்களுடையது, அதில் ஏற்றும் மென்பொருளும் பாதுகாப்பும் நம்முடையது. உழுது பாத்தி கட்டி சொட்டுநீரும் போட்டுக் கொடுத்த நிலம் என்றால் அது இயங்குதளச் சேவை. 2008-ல் வந்த கூகுள் ஆப் எஞ்சின் ஓர் உதாரணம். செயலி எழுதும் நம் இளைஞர்களுக்குத்தான் இது தேவைப்படும்.

மூன்றாவது, ஹோட்டலில் உட்கார்ந்து வெங்காய சாம்பார் சாப்பிடுவது. ஜிமெயில், கூகுள் டிரைவ், நம் தமிழகத்து ஜோஹோவின் சேவைகள் எல்லாம் இந்த மென்பொருள் சேவைதான். உமீத் தளத்தைத் திறந்து நிரப்புகிறவருக்கு அதுவும் ஏறக்குறைய அப்படியே. ஜமாஅத்துகளுக்கு இந்த ஒன்றே போதும். மற்ற இரண்டுக்கும் யாராவது விலை சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

சௌகரியம் கூடக் கூட நம் கைப்பிடி குறைகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்துத்தான். இரண்டு ஆண்டுகள் திறக்காத தனிநபர் கணக்கை உள்ளிருப்பவற்றோடு அழிக்கலாம் என்ற விதியும் 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. நிர்வாகம் மாறி, பழைய செயலாளர் வளைகுடாவுக்குப் போய், பாஸ்வேர்டை அவரும் மறந்துவிட்டால் வக்ஃபு பத்திரத்தின் நகலை யாரிடம் கேட்பது?

பெரிய அரசுகளுக்கே இது நடந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜியோன் நகர அரசுத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' எரிந்து, 858 டெராபைட் தகவல் போனது. அதற்கு வேறிடத்தில் நகல் இல்லை.

பத்திரமும் நிக்காஹ் பதிவேடும் பைத்துல்மால் கணக்கும் நம்மிடம் உள்ள அமானிதம். எனவே மின்னஞ்சல் கணக்கைத் தனிநபர் பெயரில் அல்லாமல் ஜமாஅத் பெயரில் தொடங்குவோம். மீட்பு எண்ணாகத் தலைவர், செயலாளர் இருவரின் கைப்பேசியையும் கொடுத்து, நிர்வாகம் மாறும் அன்றே அவற்றையும் மாற்றுவோம். இன்னொரு நகல் ஹார்ட் டிஸ்க்கில், பள்ளிவாசல் அலுவலகப் பீரோவில் இருக்கட்டும். மூலப் பத்திரத்தை ஸ்கேன் செய்துவிட்டோம் என்பதற்காக அலட்சியமாக வைத்துவிட வேண்டாம். நீதிமன்றம் முதலில் கேட்பது அதைத்தான்.