திக்குவாய்க்காரரும் பீரங்கிக் குண்டும்

1/ 1512. இத்தாலியின் பிரெஷ்யா நகரத்துக்குள் பிரெஞ்சுப் படை புகுந்தது. தேவாலயத்தில் ஒளிந்திருந்த ஒரு சிறுவனின் தாடையையும் அண்ணத்தையும் சிப்பாயின் வாள் பிளந்துவிட்டது. வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லை. அம்மாதான் காயத்தைத் துடைத்துத் துடைத்துப் பிழைக்க வைத்தார்.

2/ ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் அந்தக் காயத்தோடு பிழைத்ததே பெரிய விஷயம்ங்க. ஆனா பேச்சு திக்கியது. 'திக்குவாய்க்காரன்' என்று பொருள்படும் பட்டப்பெயர் ஒட்டிக்கிச்சு: தார்தாலியா. அதையே தன் பெயராக்கிக்கொண்டார். பள்ளிக்கூடம் ஏதும் பெரிதாகப் போகாமல் கணிதம் படித்தார்.

3/ 1531-ல் வெரோனாவில் ஒரு பீரங்கிக்காரர் அவரிடம் கேட்டார்: "குண்டு அதிக தூரம் போகணும்னா பீரங்கியை எவ்வளவு தூக்கணும்?" அவர் சொன்னது 45 டிகிரி. காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் இது சரியான விடை.

4/ விடை சரி, ஆனா வழி தப்பு! 1537-ல் வந்த அவருடைய புத்தகத்தில் குண்டு முதலில் நேர்கோட்டில் போகும், அப்புறம் வளையும், கடைசியில் செங்குத்தாக விழும். எறிந்த வேகமும் தானாக விழுவதும் ஒரே நேரத்தில் கலக்காது என்று நம்பினார். அது அரிஸ்டாட்டில் வழி வந்த நம்பிக்கை.

5/ இன்னொரு விஷயம். மனிதனைக் கொல்ல உதவும் கணக்கு இது என்று மனசு உறுத்தி, எழுதியதை எல்லாம் எரித்துவிட்டார். பிறகு துருக்கிப் படை வரும் என்ற பயத்தில்தான் வெளியிட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். போர் வெட்டிய முகம் அது. அந்த உறுத்தல் நமக்குப் புரியும்தானே?

6/ முடிச்சை அவிழ்த்தவர் கலிலியோ. 1638-ல், வீட்டுக்காவலில், பார்வையும் போன நிலையில் இருந்த அவருடைய புத்தகம் லைடன் நகரில் அச்சானது. அவர் சொன்னது: இரண்டு இயக்கமும் சேர்ந்தே நடக்கும், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. கிடைமட்டத்தில் வேகம் மாறாது. செங்குத்தில் வேகம் கூடிக்கொண்டே போகும். இரண்டும் சேர்ந்தால் பரவளையம்.

7/ நீங்களே போட்டுப் பாருங்க. 20 மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு பந்தைக் கிடைமட்டமா விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறியறீங்க. புவியீர்ப்பு முடுக்கம் 10-ன்னு வைச்சுக்கலாம். 1 விநாடியில் 5 மீட்டர் இறங்கும், 2 விநாடியில் 20. ஆக 2 விநாடியில் தரை. அதற்குள் முன்னால் போன தூரம் 15 × 2 = 30 மீட்டர். அவ்ளோதான்.

8/ அதே நேரத்தில் பக்கத்தில் சும்மா கைவிட்ட பந்து? அதுவும் 2 விநாடியில்தான் தரையைத் தொடும். இதை நம்ப மனசு மறுக்கும். தார்தாலியாவும் அங்கேதான் மாட்டிக்கிட்டார்.

9/ 45 டிகிரியும் இப்போ புரியும். ரொம்பத் தூக்கினா காற்றில் நிற்கும் நேரம் அதிகம், முன்னே போகும் வேகம் குறைவு. ரொம்பத் தாழ்த்தினா நேர்மாறு. இரண்டுக்கும் சரியான நடு 45. அதனால்தான் 30 டிகிரியும் 60 டிகிரியும் ஒரே தூரம் போகும்.

10/ பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தா இதை மட்டும் சொல்லுங்க: ஃபார்முலாவைத் தேடாதே. தாளின் நடுவில் ஒரு கோடு போடு. இடப்பக்கம் கிடைமட்டம், வலப்பக்கம் செங்குத்து. இரண்டுக்கும் பொது நேரம் மட்டும்தான். முதலில் நேரத்தைக் கண்டுபிடி.

தார்தாலியாவுக்கு விடை தெரியும். கலிலியோவுக்குக் காரணம் தெரியும். பரீட்சையில் கேள்வியை மாத்திக் கேட்டா, காரணம் தெரிஞ்ச பிள்ளைதான் தப்பிக்கும்.