ஆஸ்திரேலியக் கூடைப்பந்தின் இரண்டாம் அடுக்கு: யாருக்குப் பலம், எதுவரை தாங்கும்?



முட்டி வலியில ஆரம்பிச்சு கூடைப்பந்துல போய் நிக்கப்போற இழை இது. கொஞ்சம் நீளம். டீயோட உட்காருங்க.

லாரன் ஜாக்சன். ஆஸ்திரேலியாவின் கூடைப்பந்து வீராங்கனை. அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ லீக்கில் மூணு முறை ஆண்டின் சிறந்த வீராங்கனை விருது வாங்கியவர். 2014-ல் சீனாவில் ஆடிக்கிட்டிருந்தப்ப முட்டியில் ஏசிஎல் கிழிஞ்சது. அதுக்கப்புறம் அறுவை சிகிச்சை, வலி, திரும்பவும் வலி. 2016 மார்ச்சில், இனி முடியாதுன்னு ஓய்வை அறிவிச்சிட்டார்.

ஆறு வருஷம் கழிச்சு, 2022-ல், மறுபடி களத்துக்கு வந்தார். எங்கே வந்தார் என்பதுதான் விஷயம். அமெரிக்காவுக்குப் போகலை. ஆஸ்திரேலியாவின் முதல்தர மகளிர் லீக்கில்கூட இல்லை. தன் சொந்த ஊரான ஆல்பரியில், ஆல்பரி வொடோங்கா பாண்டிட்ஸ் என்ற உள்ளூர் அணிக்கு, என்பிஎல் 1 என்ற இரண்டாம் அடுக்கு லீக்கில் ஆடினார். அவர் ஆடிய ஸ்டேடியத்தின் பேரே லாரன் ஜாக்சன் விளையாட்டு மையம். ஓய்வு பெற்றவரின் பேரை வச்ச கட்டடத்துக்குள்ளேயே அவர் திரும்பி வந்து ஆடினார்!

அதே வருஷம் உலகக் கோப்பை சிட்னியில் நடந்தது. தேசிய அணியில் அவரைச் சேர்த்தாங்க. அக்டோபர் 1-ஆம் தேதி, வெண்கலப் பதக்க ஆட்டத்தில் கனடாவுக்கு எதிரா 30 புள்ளி எடுத்தார்.

(வலிக்கு மருத்துவ கஞ்சா எடுத்துக்கிட்டதா அவரே வெளிப்படையா சொல்லியிருக்கார். அங்கே மருத்துவர் சீட்டோட அது சட்டப்படி கிடைக்கும். ஒருத்தருக்குப் பலன் கொடுத்தது மட்டுமே மருத்துவ ஆதாரம் ஆகாது. தயவுசெஞ்சு இதைக் காட்டி என்கிட்ட சீட்டு கேட்டு வராதீங்க.)

இதைப் படிச்சப்ப எனக்கு வந்த கேள்வி வேற. உள்ளூர் லீக்கில் ஆடின ஒருத்தர் நேரா உலகக் கோப்பைக்குப் போக முடியுதுன்னா, அந்த லீக் அவ்வளவு பலமானதா? இல்ல, அவர்தான் அவ்வளவு பெரிய ஆளா?

ரெண்டும்தான். ஆனா முதல் பாதிக்குப் பின்னாடி ஒரு நாற்பது வருஷக் கதை இருக்கு.

ஆஸ்திரேலியாவின் முதல்தர ஆண்கள் லீக்கான என்பிஎல், 1979-ல் பத்து அணிகளோட தொடங்கியது. அந்த அணிகள் பெரும்பாலும் பேட்டை சங்கங்கள்தான். செயின்ட் கில்டா, நுனவாடிங், வெஸ்ட் அடிலெய்டு, இல்லவாரா. சென்னைக் கணக்கில் சொன்னா பெரம்பூரும் தாம்பரமும் தேசிய லீக்கில் ஆடுற மாதிரி. ரெண்டு வருஷத்தில், 1981-ல், தென்கிழக்கு மாநிலங்களுக்கு ஒரு லீக் வந்தது. பின்னாளில் எல்லாரும் அதை சீபிள்னு கூப்பிட்டாங்க. குயின்ஸ்லாந்துக்கு ஒரு லீக், நியூ சவுத் வேல்ஸுக்கு வாரட்டா லீக், மேற்கு ஆஸ்திரேலியாவில் 1989-ல் எஸ்பிஎல்னு மாநிலத்துக்கு ஒண்ணா முளைச்சது.

எண்பதுகளின் கடைசியும் தொண்ணூறுகளின் தொடக்கமும் அங்கே கூடைப்பந்தின் பொற்காலம். மைக்கேல் ஜோர்டான் ஜுரம் உலகம் பூரா அடிச்ச நேரம். மெல்போர்னில் டென்னிஸுக்குக் கட்டின பெரிய அரங்கத்தில் கூடைப்பந்து ஆட்டத்துக்கு 15,000 பேர் வந்தாங்க. பணம் வந்தது. பணம் வந்ததும் பேட்டை அணிகளுக்கு மூச்சு முட்டியது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா பாருங்க.

1982 என்பிஎல் இறுதி ஆட்டத்தில் மோதியது வெஸ்ட் அடிலெய்டு பேர்கேட்ஸும் ஜீலாங்கும். ஜெயிச்சது வெஸ்ட் அடிலெய்டு. நாட்டின் சாம்பியன். அவங்க என்பிஎல்லில் கடைசியா ஆடியது 1984-ல். அதுக்கப்புறம் அடிலெய்டின் இன்னொரு அணியோட இணைஞ்சு மேல்தட்டிலிருந்து காணாமப் போனாங்க. ஜீலாங், ஹோபார்ட் டெவில்ஸ், கோல்டு கோஸ்ட் ரோலர்ஸ் மூணும் 1996 சீசனோட என்பிஎல்லிலிருந்து வெளியே. நுனவாடிங் 1991-ல் வேற பேரில் இறுதி ஆட்டம் வரைக்கும் போச்சு. அடுத்த வருஷமே இன்னொரு அணியோட இணைப்பு.

ஆனா மேல்தட்டிலிருந்து போன இந்த ஊர்கள்ல ஆட்டம் நிக்கலை. வெஸ்ட் அடிலெய்டு பேர்கேட்ஸ் தென் ஆஸ்திரேலிய மாநில லீக்கில் தொடர்ந்தது. ஜீலாங் சீபிளுக்கு வந்தது. நுனவாடிங்கில் பிள்ளைங்க சனிக்கிழமை சனிக்கிழமை ஆடிக்கிட்டேதான் இருந்தாங்க.

ஏன்னா இந்த இரண்டாம் அடுக்கு கிளப்புகளுக்கு முதலாளின்னு ஒருத்தர் கிடையாது. பெரும்பாலும் அந்தந்த ஊரின் கூடைப்பந்து சங்கம்தான் நடத்தும். ஆறு வயசுப் பொண்ணு கட்டுற சந்தாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் வியாபாரம் வரைக்கும் எல்லாம் சேர்ந்துதான் சீனியர் அணிக்கு பஸ் வாடகை. முதல்தர அணி ஒரு கம்பெனி மாதிரி. ஸ்பான்சர் போனா கதவை மூடணும். சங்கத்துக்கு அப்படிக் கதவை மூட முடியாது, உள்ளே நூத்துக்கணக்கான பிள்ளைங்க ஆடிக்கிட்டிருக்கும்.

இன்னொரு திருப்பம் 1998-ல் வந்தது. அதுவரை குளிர்காலத்தில் நடந்த என்பிஎல்லை கோடைக்கு மாத்தினாங்க. அங்கே கோடைன்னா டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. குளிர்காலத்தில் ஏஎஃப்எல், ரக்பி லீக் ரெண்டும் மொத்தக் கூட்டத்தையும் இழுத்துடும், அவங்களோட மல்லுக்கட்ட வேணாம்னு ஒரு கணக்கு. அந்தக் கணக்கு என்பிஎல்லுக்கு எவ்வளவு லாபம்னு இன்னைக்கும் சண்டை போடுறாங்க. ஆனா இரண்டாம் அடுக்குக்கு அது லாட்டரி.

குளிர்காலம் காலியாச்சு. கோடையில் என்பிஎல்லில் ஆடின ஆள், ஏப்ரல் வந்ததும் சீபிளிலோ எஸ்பிஎல்லிலோ ஆடலாம். மகளிர் லீக் வீராங்கனைகளும் அப்படித்தான். ஒரே ஆள், வருஷத்தில் ரெண்டு லீக். அதனால இதை வழக்கமான இரண்டாம் டிவிஷன்னு நினைச்சுக்காதீங்க. கால்பந்து மாதிரி ஜெயிச்சா மேலே, தோத்தா கீழே என்ற ஏணி இங்கே கிடையாது. மேல் லீக்கின் ஆட்கள், வெளிநாட்டிலிருந்து வழக்கமா ரெண்டு பேர், பகல்ல பள்ளிக்கூடத்திலோ பட்டறையிலோ வேலை பார்த்துட்டு ராத்திரி பயிற்சிக்கு வர்றவங்க, பள்ளிப் பசங்க, எல்லாரும் ஒரே பெஞ்சில். ஒரே அணி எல்லா ஸ்டாரையும் வாரிக்கிட்டுப் போகாம இருக்க, ஆளுக்கு இத்தனை புள்ளின்னு போட்டு மொத்தத்துக்கு ஒரு உச்சவரம்பு வச்சிருக்காங்க.

அந்தப் பள்ளிப் பசங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு உதாரணம். கான்பெராவில் இருக்கிற ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம், தன் இளம் வீரர்கள் அணியை சீபிளில் ஆட விட்டது. பதினெட்டு வயசுப் பையன் முப்பது வயசு ஆளோட தோள் இடிச்சு ஆடணும். பேட்டி மில்ஸ் அப்படி வந்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்லோவேனியாவுக்கு எதிரா 42 புள்ளி எடுத்து, ஆஸ்திரேலிய ஆண்கள் அணிக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக் கொடுத்தாரே, அவரேதான்.

சரி, இந்த மாநில லீக்குகளை ஒரே குடைக்குள்ள கொண்டுவர முயற்சியே நடக்கலையா? நடந்தது. தொண்ணூறுகளில் சிபிஏ, பிறகு ஏபிஏன்னு ஒரு அமைப்பு இருந்தது. ஒவ்வொரு பகுதியின் சாம்பியனும் கடைசியில் தேசிய இறுதியில் மோதுவாங்க. 2008 சீசனோட அது முடிஞ்சது. அதே வருஷம் என்பிஎல்லிலும் பெரிய சரிவு. சிட்னி கிங்ஸ், பிரிஸ்பேன் புல்லட்ஸ், சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் மூணும் லீக்கை விட்டுப் போச்சு. மாநில லீக்குகள் மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தது.

2015-ல் லாரி கெஸ்டல்மேன் என்ற தொழிலதிபர் என்பிஎல்லின் கட்டுப்பாட்டை எடுத்தார். 2018-ஓட சீபிள் மூடல். 2019-ல் விக்டோரியா கூடைப்பந்து அமைப்போட சேர்ந்து என்பிஎல் 1 தொடக்கம். முதல் ஆண்கள் சாம்பியன் யாருன்னு நினைக்கிறீங்க? நுனவாடிங் ஸ்பெக்டர்ஸ். 1979-ல் என்பிஎல்லின் தொடக்க அணிகளில் ஒண்ணு, 1992-ல் இணைப்பில் மேல்தட்டை விட்டுப் போனது, நாற்பது வருஷம் கழிச்சு இன்னொரு புது லீக்கின் முதல் கோப்பையைத் தூக்குது!

அப்புறம் ஒவ்வொரு மாநிலமா உள்ளே வந்தது. 2020-ல் வடக்கு, மத்தி. கொரோனா அந்த வருஷத்தைச் சாப்பிட்டுடுச்சு. 2021-ல் மேற்கு. 2022-ல் வாரட்டா லீக் கிழக்குப் பிரிவா மாறியது. லாரன் ஜாக்சன் ஆடியது இந்தப் பிரிவின் முதல் வருஷத்தில்தான். இப்ப தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு, மத்தின்னு ஐந்து பிரிவு. ஒவ்வொண்ணிலும் ஆண்கள், பெண்கள் ரெண்டும்.

எது பலமானது? அங்கே ரசிகர்கள் விடிய விடிய சண்டை போடுற கேள்வி இது. பழைய நம்பிக்கை, சீபிளின் வாரிசான தெற்குதான். காரணமும் இருக்கு. மெல்போர்னைச் சுத்தி சங்கங்கள் நெருக்கமா இருக்கு, பிள்ளைங்க எண்ணிக்கை அதிகம், கீழே பிக் வின்னு இன்னொரு முழு லீக்கே இருக்கு. ஆனா 2022-ல் நடந்த முதல் தேசிய இறுதியில் ஆண்கள் கோப்பையை வாங்கியது மேற்கிலிருந்து வந்த ராக்கிங்ஹாம் ஃபிளேம்ஸ், பெர்த்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர்.

இதை வச்சு மேற்குதான் பெருசுன்னு சொல்லலாமா? ஒரு வாரக் கடைசியில் நடக்கிற நாக் அவுட் அது. ஒரே ஒரு தடவை சுகர் பார்த்துட்டு சர்க்கரை வியாதி இருக்கு, இல்லைன்னு முடிவு கட்டுற மாதிரி. யார் காயம், எந்த வெளிநாட்டு வீரர் அதுக்குள்ள ஊருக்குப் போயிட்டார், யார் ஆறு மணி நேரம் பறந்து வந்தாங்க, எல்லாம் கலந்திருக்கும். என் கணிப்பு: நடுத்தர அணிகளை வச்சுப் பார்த்தா தெற்கு ஒரு படி மேலே. உச்சியில் இருக்கிற அணிகளை வச்சுப் பார்த்தா மேற்கும் வடக்கும் சமம்.

மேற்கைக் குறைச்சு மதிப்பிட்டதுக்குக் காரணம் தூரம். யாரும் போய்ப் பார்க்கலை. பெர்த்திலிருந்து ஜெரால்டன் வடக்கே 400 கிலோமீட்டருக்கு மேல். தங்கச் சுரங்க ஊரான கால்கூர்லி கிழக்கே கிட்டத்தட்ட 600. ரெண்டு ஊரும் ஒரே லீக்கில். வடக்கில் கெய்ன்ஸ் அணி பிரிஸ்பேன் வரணும்னா சாலை வழியா 1,700 கிலோமீட்டர். தெற்கில் மவுண்ட் கேம்பியர்னு ஒரு சின்ன ஊர், தென் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. மெல்போர்னுக்கும் அடிலெய்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கு, விக்டோரியா அணிகளோட ஆடுது. சீபிளில் பட்டமும் வாங்கின ஊர் அது.

இனி எதிர்காலம். மூணு விஷயம் எனக்கு உறுத்துது.

2025-லிருந்து மகளிர் முதல்தர லீக்கையும் நடத்துறது என்பிஎல் பங்குதாரரா இருக்கிற கூட்டமைப்புதான். ஆக ஆண்கள் மேல் லீக், மகளிர் மேல் லீக், இரண்டாம் அடுக்கு மூணிலும் ஒரே நிறுவனத்தின் கை. நல்ல காலத்தில் அது வசதி. ஒளிபரப்பு, பேர், ஸ்பான்சர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அந்த நிறுவனத்துக்கு ஒரு 2008 வந்தா?

அடுத்தது செலவு. தேசிய பிராண்டு ஆனதும் அணிகளின் ஆசை கூடும். ஒரு ஸ்டாரைக் கொண்டுவர ஒரு சின்ன ஊர் சங்கம் கடன் வாங்க ஆரம்பிச்சா, சிறுவர் சந்தாவைத்தான் ஏத்தணும். அந்தப் பிள்ளைங்க வராமப் போனா இந்தக் கட்டடத்துக்கு அடியில் ஒண்ணுமில்லை.

மூணாவது உடம்பு. கோடையில் ஒரு லீக், குளிர்காலத்தில் ஒரு லீக், நடுவில் தேசிய முகாம். முட்டித் தசைநாணும் கால் எலும்பும் ஓய்வு கேட்கும் உறுப்புகள். சம்பளம் கம்மியா இருக்கிற ஆள் ஓய்வு எடுக்க மாட்டார். வீராங்கனைகளுக்கு இது இன்னும் அதிகம். மேல் லீக்கில் ஆடும் ஒருத்தர் குளிர்காலத்தில் எத்தனை ஆட்டம் ஆடலாம்னு வரம்பு வைக்கணும்னு நான் நினைக்கிறேன். கிளப்புகளுக்கு இது பிடிக்காது.

தேசிய இறுதி தொடருமான்னு பந்தயம் கட்டச் சொன்னா, கட்ட மாட்டேன். ஏபிஏ போன வழி எல்லாருக்கும் தெரியும். ஐந்து பிரிவுகளும் இருபது வருஷம் கழிச்சு வேற ஏதோ ஒரு பேரில் இருக்குமான்னு கேட்டா, தாராளமா கட்டுவேன்.

லாரன் ஜாக்சன்? 2023-ல் குதிகால் தசைநாண், அதாங்க அக்கிலீஸ், கிழிஞ்சது. இதோட முடிஞ்சதுன்னு எல்லாரும் சொன்னாங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 43 வயதில் இன்னொரு வெண்கலம் வாங்கிட்டுத்தான் போனார்.