இளைப்பாறுதலும் மருத்துவக் காப்புறுதியும்

ஐக்கிய அமெரிக்காவில் இளைப்பாறப்போகும் தொழிலாளி ஓய்வூதியத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. "எனது மருத்துவக் காப்புறுதி என்னாகும்?" என்ற கேள்வியும் அவரை வாட்டுகிறது. முன்கூட்டியே திட்டமிடுவது அவரவர் பொறுப்பு என்று ஆலோசகர்கள் கூறுவர். ஆனால் வரலாற்றை நோக்குமிடத்து, இக்கவலை தனிமனிதரின் கவனக்குறைவால் விளைந்ததன்று என்பது புலனாகும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், அந்நாட்டரசு கூலியுயர்வுக்கு வரம்பு விதித்தது. கூலியை உயர்த்தித் தொழிலாளரை ஈர்க்க இயலாத முதலாளிகள், அவ்வரம்புக்கு உட்படாத மருத்துவக் காப்புறுதியை வழங்கலாயினர். முதலாளி செலுத்தும் கட்டுப்பணத்துக்கு 1954ஆம் ஆண்டு வரிச்சட்டம் வரிவிலக்கை உறுதிசெய்தது. இவ்வாறு காப்புறுதி மனிதரோடன்றி அவர்தம் தொழிலோடு பிணைக்கப்பட்டது. தொழில் நீங்க, பெரும்பாலும் அதுவும் நீங்கிற்று. இலாபமே குறியான நிறுவனங்களோ நோய் மலியும் முதுமையை ஏற்கத் தயங்கின. ஏற்பினும் பெருந்தொகை கேட்டன. 1960களின் தொடக்கத்தில், 65 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மருத்துவமனைக் காப்புறுதியின்றி வாழ்ந்தனர்.

இந்நிலையை மாற்றும் முயற்சி எளிதில் வெற்றி பெறவில்லை. 1945இல் சனாதிபதி ட்றூமன் நாடளாவிய காப்புறுதியை முன்மொழிந்தார். அமெரிக்க வைத்தியச் சங்கம் 1948இன் இறுதியில் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டொலர் அறவிட முடிவுசெய்து, "சோஷலிச மருத்துவம்" என்ற பூச்சாண்டி காட்டி அதனை எதிர்த்தது. முதியோருக்கேனும் காப்புறுதி வேண்டுமென 1957இல் போரண்ட் கொண்டுவந்த சட்டமூலத்துக்குத் தொழிற்சங்கங்கள் தோள்கொடுத்தன. 1961இல் அச்சங்கம் நடிகர் றொனால்ட் றேகனின் எதிர்ப்புரையை இசைத்தட்டாக்கி, வைத்தியர்களின் மனைவியர் வழியே பரப்பியது. அதே ஆண்டில் இளைப்பாறியோரும் தமக்கென ஓர் அமைப்பைக் கண்டு திரண்டனர்.

1965 யூலை 30ஆந் திகதி, மிசூரி மாநிலத்து இன்டிபென்டன்ஸ் நகரில், முதியவரான ட்றூமனின் முன்னிலையில் சனாதிபதி ஜோன்சன் 'மெடிக்கெயார்' சட்டத்தில் கையொப்பமிட்டார். 1966 யூலை 1இல் அது நடைமுறைக்கு வந்தபோது 1 கோடி 90 இலட்சம் முதியோர் அதன் பாதுகாப்பைப் பெற்றனர். வைத்தியர் கட்டணத்துக்கான பகுதிக்கு மாதம் 3 டொலரே அறவிடப்பட்டது. நிறப்பாகுபாடு காட்டும் மருத்துவமனைக்கு இந்நிதி கிடையாது என்ற விதியால், ஆயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் சில மாதங்களிலேயே கறுப்பின மக்களைப் பிரித்துவைக்கும் வழக்கத்தைக் கைவிட நேர்ந்தது. இதுவும் அச்சட்டத்தின் அரும்பயனாகும்.

எனினும் வெற்றி முழுமையானதன்று. 65 வயதுக்கு முன்னர் இளைப்பாறுவோருக்கு இடைவெளி எஞ்சியது. 1986இல் நிறைவேறிய ஒரு சட்டம் பழைய காப்புறுதியைப் பொதுவாக 18 மாதங்கள் தொடர இடமளித்தது. ஆனால் முதலாளியின் பங்கையும் தொழிலாளியே செலுத்தவேண்டும். முன்னைய நோயைக் காட்டிக் காப்புறுதி மறுப்பதை 2010ஆம் ஆண்டுச் சட்டமே, 2014 முதல், தடுத்தது. வீட்டில் உட்கொள்ளும் மருந்துகளுக்கான உதவி 2006இலேதான் வந்தது. பல், கண்ணாடி, நீண்டகாலப் பராமரிப்பு ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் முதியோர் தலையிலேயே விழுகிறது. வேறு தொழில்வழிக் காப்புறுதியின்றி மெடிக்கெயாரின் வைத்தியர் பகுதியில் சேரத் தாமதித்தவர், தாமதித்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 வீதம் கூடுதலாகச் செலுத்த நேரிடும். அத்தண்டம் பெரும்பாலும் ஆயுள்வரை நீங்காது.

ஆகவே, இளைப்பாறுவோர் இவ்விதிகளைக் கற்றுத் திட்டமிடுவது அவசியமே. ஆயினும் எத்துணைச் சிக்கனமும் முன்யோசனையும் உடைய தொழிலாளியும் தனித்து நின்று மெடிக்கெயாரைப் படைத்திருக்க முடியாது. அவர் இன்று நம்பித் திட்டமிடும் பாதுகாப்பு, ஒரு தலைமுறை கூடிநின்று போராடிப் பெற்றது. எஞ்சிய இடைவெளிகளையும் அவ்வாறே அடைக்கவேண்டும்.