தந்திச் சட்டமும் தூத்துக்குடியும்

இந்தத் துறைமுகம் வ.உ.சி.யின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டது. 1908 மார்ச்சில் அவர் கைதானதும் நெல்லை கொதித்தெழுந்தது. போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தனர். அன்று நடப்பிலிருந்த ஒரு சட்டம் நம் காலம்வரை உயிரோடிருந்தது. செய்தியை வழிமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்த 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம் அது.

2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின் 100ஆவது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள்மீது போலீஸ் சுட்டது. மொத்தம் 13 உயிர்கள் போயின. சீருடையில்லாத போலீஸ்காரர் ஒருவர் வேன்மீது நின்று குறிபார்க்கும் காட்சி உலகெங்கும் பரவியது. ஆலையின் தாய் நிறுவனமான வேதாந்தா அப்போது லண்டன் பங்குச் சந்தையில் இருந்தது. லண்டன் தமிழர்களும் தெருவில் இறங்கினார்கள்.

மே 23 அன்று தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. வதந்தியைத் தடுக்கவாம். இணையத்தை நிறுத்துவதற்கான 2017ஆம் ஆண்டு விதிகள் அதே 1885 சட்டத்தின் கீழ் போடப்பட்டவை. மின்கம்பிக்குத் தாமிரம் உருக்கிய ஊர், தான் கண்டதை வெளியே அனுப்ப முடியாமல் நின்றது.

இணையம் இருந்தால் மட்டும் நீதி வந்துவிடுமா? நமக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளருக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்கள்மீது தடியடி நடந்தது. தாமிரபரணியில் ஒரு குழந்தை உட்பட 17 பேர் மாண்டனர். கேமராக்கள் அதைப் பதிவு செய்திருந்தன. ஆனாலும் விசாரணை ஆணையம் போலீஸைக் குற்றம் சொல்லவில்லை. தூத்துக்குடியில் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீஸார்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. பரிந்துரை வேறு, தண்டனை வேறு.

இணையத்தை நிறுத்தும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்திச் சட்டத்தின் இடத்துக்கு 2023இல் புதுச் சட்டம் வந்தது. நிறுத்தும் அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே மாணவத் தோழர்களே, இறந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். நாள், நேரம், இடம் போட்டு எழுதுங்கள். ஒரு பிரதி கைப்பேசியில் இருக்கட்டும், இன்னொன்று தாளில் இருக்கட்டும். இணையத்தை நிறுத்தினால் ஆணையின் நகலைக் கேளுங்கள். நம் சாட்சியம் அவர்களுடைய கம்பியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.